முனியன் பெயருக்கு நான் சொன்ன பதில்

லாயரம்மா,

நேற்று கோலசிலாங்கூர் தபாலாபீசில் ஒரு படிவத்தில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை. "பாக்சிக், சினி," இங்கே வையுங்கள் என்று அவள் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். வைத்தேன். துடைத்துக்கொள்ளத் துணி நீட்டினாள், வாங்கவில்லை. மையோடேயே பஸ் ஏறி வீடு வந்தேன்.

உங்கள் தம்பி வந்து செய்தி சொல்லி இருபது நாளாகிறது. நீங்கள் எனக்காக எடுத்து வைத்திருந்த வாக்குமூலத்தின் படியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசி நாட்களில் நீங்களே அதில் என் பெயரை எழுதிக் கட்டி வைத்தீர்களாம். அதன் கடைசிப் பக்கத்தில் என் பெருவிரல் இருக்கிறது. மற்றதெல்லாம் எனக்கு வெறும் கறுப்புக் கோடு. ஆனால் எந்தக் கோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும். நீங்கள் அத்தனை முறை படித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

இந்த மடலை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர், தோட்டப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்ந்த வாத்தியார். என் பேச்சை அவர் நேராக்கி எழுதுகிறார், அதற்கு ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எனக்குத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும் என்றேன். "இது யாரு போட்ட சட்டம்?" என்று சிரித்தார். "சட்டம் படிச்சவங்க போட்டது," என்றேன். அவர் அப்புறம் சிரிக்கவில்லை.

நீங்கள் முதலில் வந்தது பழைய பால் கொட்டகைக்கு. கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு அங்கே ரப்பர்ப் பால் நிறுப்பதில்லை. ஆனாலும் சுவரில் அந்தப் புளித்த வாடை போகவில்லை. நீங்கள் மூக்கைப் பொத்தாமல் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தீர்கள். சமூகநல இலாகாவிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று பாதித் தோட்டம் கூடிவிட்டது. "நஷ்டஈடு கிடைக்குமா?" என்று ஒருவன் கேட்டான். "தெரியாது. கிடைக்கும்னு சொல்லி உங்ககிட்ட கதை வாங்க மாட்டேன்," என்றீர்கள். பாதிக் கூட்டம் அதோடு போய்விட்டது. மிச்சம் இருந்தவர்களில் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பியவன் நான் ஒருத்தன்தான்.

"நான் லாயர் இல்ல மாமா. சட்டம் படிச்சிட்டு ஆராய்ச்சி பண்றவ. ஒரு சண்டை முடிஞ்சதும் அதுல அடிபட்டவங்களுக்கு என்ன செஞ்சாங்க, சட்டப்படி என்ன செஞ்சிருக்கணும், அதைத்தான் தேடுறேன்," என்றீர்கள். சயாமில் செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது, நம் ஆட்களின் பெயர்தான் எங்கேயும் இல்லை என்றீர்கள். ஆராய்ச்சி என்றால் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. பெயர் என்றதும் பிடிபட்டது.

பெயர் என்னிடம் இருந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவாரே, அதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். ஒரு பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவதுக்கும் பதில் இல்லை என்றால் 'இல்ல' என்று உரக்கச் சொல்லிக் கோடு போட்டுவிடுவார். ஜப்பான்காரன் எங்களை லோரியில் ஏற்றியபோது எங்கள் கிராணியையும் வேலை வாங்கும் மண்டோரையும் சேர்த்தே ஏற்றினான். அதனால் சயாமிலும் அதே புத்தகம், அதே வரிசை. எனக்கு எண்ணிக்கை சொல்லத் தெரியாது. வரிசை தெரியும்.

நீங்கள் நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்டால் நான் மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்குவேன். மூன்றாவது முறை தொடங்கியபோது, கொட்டகை வாசலில் நின்ற அஞ்சலை வாயில் துணி வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"லாயரம்மா, அண்ணனோட ரயிலு நடுவழியில நின்னா அங்கேருந்து கெளம்பாது. திரும்ப கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கே போயிட்டுத்தான் வரும். நீங்க பொழுதோட வீடு போய்ச் சேரணும்னா வாய மூடிக்கிட்டு உக்காருங்க லா!"

நீங்களும் சிரித்துவிட்டீர்கள். அதற்கு அப்புறம் பென்சிலை மடியில் வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தீர்கள்.

பிறகுதான் அந்தக் கேள்வி. ஒவ்வொரு பெயருக்கும் அதே கேள்வி. "பார்த்ததா, கேட்டதா?" இவன் செத்ததை உன் கண்ணால் பார்த்தாயா, இல்லை யாராவது சொல்லிக் கேட்டாயா? பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம் என்று நோட்டில் நடுவில் கோடு கிழித்திருந்தீர்கள். "ரெண்டும் சாட்சிதான் மாமா. ஆனா கண்ணு வேற, காது வேற. கலந்துடக் கூடாது."

பார்த்தது, பார்த்தது, கேட்டது, பார்த்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முனியன் பெயர் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் அஞ்சலை நெற்றி நிறையப் பொட்டோடு நின்றாள். அவள் சிரிப்பு நின்றிருந்தது. முனியன் அவள் புருஷன்.

"பார்த்ததா, கேட்டதா?"

"மழைக்கு முன்னாலேயே அவன வேற முகாமுக்குக் கொண்டுபோனாங்க. அங்க என்ன ஆச்சோ தெரியாது. கேட்டது கூட இல்ல," என்றேன்.

நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அஞ்சலை பெருமூச்சு விட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளைப் பார்க்கப் போனாள்.

அது பொய். நாற்பது வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்த ஒரே பொய். எழுத்தில் ஏறியது அன்றைக்குத்தான் முதல் முறை.

முனியனுக்கும் எனக்கும் ஒரே வயது, மரம் சீவப் பக்கத்துப் பக்கத்து நிரை. அவனுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சயாமில் மழையோடு காலராவும் வந்தது. முதல் நாள் மண் கூடை தூக்கினான், மறுநாள் எழுந்திருக்கவில்லை, அதற்கு மறுநாள் இல்லை. ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. நானும் இன்னொருவனும் தூக்கிப் போய் ஈர மூங்கிலை அடுக்கி வைத்தோம். தீ பிடிக்கவே இல்லை. என் இடுப்புச் சாரத்தைக் கிழித்துப் போட்டுத்தான் பிடிக்க வைத்தேன்.

மறுநாள் பெரட்டுக்கு முன்னால் மண்டோர் என்னைக் கூப்பிட்டார். ஜப்பான்காரன் மழைக்கு ஒதுங்கித் தூரத்தில் நின்று பதில்களை மட்டும்தான் எண்ணுவான். சீக்காளிகள் குடிசைக்குள் படுத்தபடியே பதில் சொல்லலாம். எத்தனை பதிலோ அத்தனை பேருக்கு அரிசி. மண்டோர் சொன்னார்: "பேரு விழுந்தா அரிசியும் விழுந்துடும்டா. உள்ள பத்து உசுரு கெடக்குது. நீதான் அவன மாதிரி இழுத்துச் சொல்லுவ. சொல்லு." நான் என் பெயருக்கு வரிசையில் நின்று பதில் சொல்லிவிட்டு, மூங்கில் தட்டிக்குப் பின்னால் குனிந்து போய், முனியன் பெயருக்கு அவன் இழுப்பது போலவே, "இருக்கே...ன்" என்றேன். மழை விடும்வரை ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

இது நான் மட்டும் செய்த காரியம் இல்லை. எங்கள் முகாமில் செத்தவர்கள் பலரும் இப்படித்தான் பெரட்டில் உயிரோடு இருந்தார்கள். ஆனால் மற்றவர்களின் குரலை வெளி ஆள் யாரும் கேட்கவில்லை. முனியன் குரலைக் கேட்டுவிட்டான்.

கேட்டவன் சன்னாசி. பக்கத்துத் தோட்டத்துக்காரன். அவன் கூட்டம் கட்டை தூக்கிக்கொண்டு எங்கள் முகாம் ஓரமாகப் போனபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. முனியனை அவனுக்குத் திருவிழாவில் பழக்கம். யுத்தம் முடிந்து எனக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்தான். வந்ததும் அஞ்சலையிடம் போய், "உன் புருஷன் பேரைக் கூப்பிட்டாங்க, இருக்கேன்னு சொன்னான், என் காதால கேட்டேன்," என்று சொல்லிவிட்டான். நல்ல செய்தி சொன்ன சந்தோஷத்தில் அவளிடம் கோப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனானாம்.

நான் வந்து இறங்கிய அன்று அவள் ஓடி வந்தாள். பத்தொன்பது வயது. "அண்ணே, அவரு குரலைச் சன்னாசி கேட்டானாம், பின்னால வர்றாரா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். செத்துவிட்டான் என்றால், பிறகு பதில் சொன்னது யார் என்று கேட்பாள். நான் என்றால், அவன் சோற்றைத் தின்றது யார் என்று கேட்பாள். "எங்கள வேற வேற முகாமுக்குப் பிரிச்சிட்டாங்க தங்கச்சி," என்றேன். ஒரு வாய் வார்த்தை. ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

வெள்ளைக்கார துரை திரும்பி வந்தார். யுத்தத்தில் உடைந்த பாலத்தைக் கட்டினார்கள், ரோட்டுக்குக் கல் போட்டார்கள், கித்தா மரம் சீவ ஆள் வேண்டுமென்றார்கள். கிராணி புதுப் புத்தகம் போட்டார். வராதவர்களின் பெயரை அதில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் பெரட்டில் என் பெயருக்கு அடுத்து முனியன் பெயர் வராமல் வேறு பெயர் வந்தது. எனக்கு மட்டும் காதில் இடித்தது.

இரண்டு வருஷம் கழித்து அஞ்சலையின் அண்ணன் சபாக்கிலிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல ஆள். அவரை உட்காரக்கூட விடவில்லை அவள். "எம் புருஷன் இருக்கேன்னு சொல்லியிருக்காரு. கேட்டவங்க இருக்காங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் எதிர் லயத்து வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அடுத்த வாரம் வந்தீர்கள். எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினீர்கள். மைப்பெட்டியைத் திறந்து வைத்தீர்கள். நான் விரலை நீட்டவில்லை. நீங்களும் பெட்டியை என் பக்கம் தள்ளவில்லை.

"மாமா, அஞ்சலை அத்தை சொன்னதையும் எழுதியிருக்கேன். சன்னாசி உங்க முகாம் பெரட்டுலதான் அவங்க வீட்டுக்காரர் குரலைக் கேட்டாராம், நடு மழைக் காலத்துல. நீங்க மழைக்கு முன்னாலேயே அவரை வேற முகாமுக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னு சொல்றீங்க. ரெண்டும் என் நோட்டுல இருக்கு. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. அன்னைக்குப் பதில் சொன்னது யாரு?"

கூரைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. அது நின்றால் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை. அந்தச் சத்தத்திலேயே சொன்னேன். நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பென்சில் மடியிலேயே கிடந்தது.

முடித்ததும், "என்னைப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல யாரும் சயாம் போகல மாமா. அதனால யார் பக்கமும் சாயாம சொல்றேன். பத்து உசுருக்கு அரிசி வாங்கினது தப்புன்னு எந்தச் சட்டமும் சொல்லாது. ஊருக்கு வந்து சொல்லாம விட்டது வேற. அதுக்குச் சட்டம் கிடையாது, அத்தைதான் இருக்காங்க."

அப்புறம் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "பாலம் கட்டி முடிச்சா யுத்தம் முடிஞ்சிருச்சுன்னு எழுதிடறாங்க. புருஷன் எங்க போனான்னு என்னைக்குத் தெரியுதோ, அன்னைக்குத்தான் அந்த வீட்டுல யுத்தம் முடியும்."

ரேகை வேண்டாம் என்று மைப்பெட்டியை மூடிவிட்டீர்கள். "என் பேப்பர்ல இருந்து அவங்க தெரிஞ்சிக்கக் கூடாது. நீங்க சொல்லணும். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அஞ்சலை ஆயாக் கொட்டகையில் இருந்தாள். வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு வேலை. இரண்டு சாரத் தொட்டில்களை ஒரே கயிற்றில் கட்டிக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே, பொண்ணு கேக்க வந்த மாதிரி ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறீங்க? தட்டு எங்க, பூ எங்க?"

நீங்கள் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தீர்கள். நான் நின்றுகொண்டே, "அஞ்சல, முனியன் செத்துட்டான். நான் பார்த்தேன். நான்தான் கொள்ளி வெச்சேன்," என்றேன்.

தொட்டில் நின்றது.

"சன்னாசி கேட்டானே."

"கேட்டான். அவன் பொய் சொல்லல. அவன் கேட்டது என் குரல."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் கால் தானாக ஆட்டியது. என்னை எப்போதும் நீங்கள் என்று சொல்கிறவள், முதல் முறையாக நீ என்றாள்.

"அவரு சோத்த நீ தின்ன."

"பாதி சீக்காளிங்களுக்குப் போச்சு. பாதி தின்னேன்."

"சபாக்காரர எங்கண்ணன் கூட்டிட்டு வந்தப்போ நீ எங்க இருந்த?"

"எதிர்லதான் நின்னேன்."

"பாத்துக்கிட்டு நின்ன."

"ஆமா."

அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பெரட்டில் கிராணி நிற்பது போல நேராக நின்றாள்.

"நான் கூப்பிடுறேன். இந்தத் தடவ வாயத் தொறக்காத."

லாயரம்மா, புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் அவள். வாக்குமூலத்துக்குப் பெயர் கேட்டபோதுகூட, "அண்ணன்கிட்ட கேட்டு எழுதிக்கங்க," என்று உங்களிடம் சொன்னவள். அவள் கூப்பிட்டாள்.

"முனியன்!"

என் தொண்டைக்குள் அந்தப் பதில் எழுந்து நின்றது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"முனியன்!"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

"முனியன்!"

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது. அது போய்ச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இல்ல," என்றாள். உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழுதாள். நீங்கள் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். தொட்டிலை நான் ஆட்டினேன்.

அந்த ஆடியில் ஆற்றங்கரையில் கருமாதி செய்தோம். நாள் என்னிடம் இருந்தது, அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால். பிண்டம் வைக்க அவள் அண்ணன் மகன் தயாராக நின்றான். அஞ்சலை என் பக்கம் பார்க்காமலேயே, "கொள்ளி வெச்சவரு இருக்காருல்ல, அவரே செய்யட்டும்," என்றாள். நீங்கள் கரையில் சேலை நுனி நனைய நின்றிருந்தீர்கள். ஈரக் கையோடு உங்களிடம் வந்து, "இப்ப எழுதுங்க. பார்த்தது," என்றேன். அன்று சாயங்காலம் பால் கொட்டகையில் மறுபடி முழுவதும் படித்துக் காட்டினீர்கள். மைப்பெட்டியைத் திறந்தீர்கள். நானே பெருவிரலை நீட்டினேன்.

அஞ்சலை மறுபடி என்னை நீங்கள் என்று கூப்பிட ஒரு வருஷம் ஆனது. அதுவும் கோயிலில் தீர்த்தம் கொடுக்கும்போது, "நகருங்க அண்ணே, தூண் மாதிரி நிக்காதீங்க," என்றுதான். அது போதும் எனக்கு. பொட்டை அவள் கலைக்கவில்லை. சின்னதாக வைக்கிறாள். உங்கள் செய்தியைச் சொன்னதும் போய் விளக்கேற்றி வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு எனக்கு ஒரு நாளு வாங்கிக் குடுத்துச்சு, தெவசம் குடுக்க," என்றாள்.

உங்கள் ஆராய்ச்சி எங்கே போனது, யார் படித்தார்கள், எந்தக் கோர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள், எனக்குத் தெரியாது. உங்கள் தம்பியும் முடியாமல் பாதியில் இருக்கிறது என்றுதான் சொன்னார். என் வரிசையில் உள்ள அத்தனை பெயரும் அதில் இருக்கிறதாம். எனக்குப் பிறகு அவர்களைக் கூப்பிட ஒரு காகிதம் இருக்கிறது.

ஒரு காரியம் மட்டும் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. நீங்கள் செத்ததை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்பதே தெரியாது. தம்பி வந்து சொன்னார், கேட்டேன். உங்கள் நோட்டில் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவீர்கள் என்று தெரியும். ஆகவே வாத்தியாரிடம் 'கேட்டது' என்றே எழுதச் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டினார். சரியாக இருக்கிறது.

கேட்டது மட்டும் என்றால், மனசு ஒரு மூலையில் காத்துக்கொண்டிருக்கப் பார்க்கும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அஞ்சலையைப் பார்த்தவன் நான். அதனால் தினமும் விடியற்காலையில், முகம் கழுவுவதற்கு முன்னால், வாசலில் நின்று அந்த வரிசையைச் சொல்கிறேன். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை, நடுவில் நிற்காமல். கடைசிப் பெயருக்கு அடுத்து இப்போது உங்கள் பெயர். மூன்று முறை கூப்பிடுகிறேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு, ஒரு லோரி போய்ச் சத்தம் அடங்குகிற நேரம் காத்திருக்கிறேன்.

வாயைத் திறப்பதில்லை.